பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எண்ணிம ஏற்றத்தாழ்வும் உடல்நலத் தொழில்நுட்பமும்

எண்ணிம ஏற்றத்தாழ்வு என்பது கணினி, கைபேசி, இணையம் ஆகியவற்றைப் பெறுவதிலும், கையாளும் திறனிலும், அவற்றால் அடையும் பயனிலும் மக்களிடையே காணப்படும் வேறுபாடு ஆகும். 1990களில் இது பேசப்படத் தொடங்கியபோது கருவி உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவே அளவுகோலாக இருந்தது. கருவி கைக்கு வந்த பின்னும் திறனிலும் பயனிலும் இடைவெளி நீடிப்பதை நெதர்லாந்து அறிஞர் யான் வான் டைக் முதலியோர் பின்னர் எடுத்துக்காட்டினர். உடல்நலத் துறையில் இவ்வேறுபாடு கூடுதலான விளைவுகளை உண்டாக்குகிறது. பிரித்தானிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் லான்செட் இதழில் வகுத்துக் கூறிய தலைகீழ்க் கவனிப்பு விதி, நல்ல மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படுவோருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பதாகும். முதியோரும் ஏழைகளும் எழுத்தறிவு குறைந்த பெண்களுமே நோய்ச்சுமையில் முன்னும் இணையப் பயன்பாட்டில் பின்னும் நிற்பதால், மருத்துவச் சேவைகள் கைபேசிக்கு மாறும்போது அந்த விதி மேலும் கடுமையாகச் செயல்பட இடமுண்டு.

தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் அமைந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதன் பல கூறுகளை ஒருங்கே காணலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூரிலிருந்து அரியலூர் 2001இல் தனியாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். நகர்ப்புறத்தில் வாழ்ந்தோர் முன்னதில் ஏறத்தாழ 17 விழுக்காடு, பின்னதில் 11 விழுக்காடு மட்டுமே. பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவையும், அரியலூரில் முந்திரி, கரும்பு, நெல் ஆகியவற்றுடன் சுண்ணாம்புக்கல்லைச் சார்ந்த சிமெண்ட் ஆலைகளும் பிழைப்புக்கு வழியாக உள்ளன. மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது இவ்விரு மாவட்டங்களும் முறையே 74, 71 விழுக்காட்டில் நின்றன.

ஆயிரம் ஆண்களுக்குப் பெரம்பலூரில் 1,003 பெண்களும் அரியலூரில் 1,015 பெண்களும் அதே 2011 கணக்கெடுப்பில் கணக்கிடப்பட்டனர். ஆண்கள் வேலை தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும், லப்பைக்குடிகாடு, வி. களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் செல்வது இப்பகுதியில் நெடுநாள் வழக்கம். வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் இருக்கும் குடும்பத்தில் அது வேலைக்குப் போகும் ஆணுடன் போய்விட, மாமியாரும் மருமகளும் ஒரு பட்டன் போனைப் பகிர்ந்துகொள்ளும் நிலை ஏற்படுகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறங்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 48.7 விழுக்காடு, பெண்கள் 24.6 விழுக்காடு. குடும்பத்தையே அலகாகக் கொள்ளும் புள்ளிவிவரங்களில் இந்த வேறுபாடு தென்படாது. கைபேசி உள்ள வீடு என்று பதிவானால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. பெரம்பலூரின் 121 ஊராட்சிகளும் அரியலூரின் 201 ஊராட்சிகளும் அடங்கலாக மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கம்பி கொண்டுசெல்ல வகுக்கப்பட்ட பாரத்நெட் திட்டத்தை மதிப்பிடும்போதும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஊராட்சி அலுவலகம் வரை வரும் இணைப்பு அடுப்படி வரை வருவதற்குக் கம்பி மட்டும் போதாது.

மருத்துவத் தொழில்நுட்பம் இப்பகுதிப் பெண்களின் வாழ்வில் மிக ஆழமாக நுழைந்திருப்பது பிக்மி என்னும் கர்ப்பிணி, சிசு கண்காணிப்புத் தளத்தின் வழியாகவே. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் இதில் பதிவு செய்யப்பட்டு ஆர்.சி.எச். எனப்படும் 12 இலக்க இனப்பெருக்க, குழந்தைநல எண்ணைப் பெறுகிறார்; கடைசி மாதவிலக்கு நாள், இரத்தச்சோகை அளவு, ஸ்கேன் முடிவு, தடுப்பூசி, பிரசவம் என அனைத்தும் அந்த எண்ணின் கீழ்ச் சேர்கின்றன. வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் வழக்கமுள்ள சமூகத்தில், ஓர் ஊரில் தொடங்கிய கவனிப்பு இன்னோர் ஊரில் அறுபடாமல் தொடர இந்த எண் உதவுவது பெரிய நன்மை. ஆனால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும், 18,000 ரூபாய் மதிப்புள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இதே எண் வாயிலாக அமைந்ததால், பதிவில் நேரும் சிறு பிழையும் தாயின் வங்கிக் கணக்கைப் பாதிக்கிறது. பெண்கள் தாமே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வசதி இருப்பினும், நடைமுறையில் பெரும்பகுதி வேலை கிராம சுகாதார செவிலியர் கையில்தான் விழுகிறது. கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்போர் இந்த உழைப்பைக் காண்பதில்லை. பதிவேட்டில் எழுதியதையே தளத்திலும் ஏற்றும் இரட்டை வேலை வீடு வீடாகச் செல்லும் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்பது தமிழ்நாட்டுக் கிராம சுகாதார செவிலியர் சங்கங்கள் போராட்டங்களில் முன்வைத்துவரும் முறையீடு ஆகும்.

கோவிட் தடுப்பூசிக்கான கோவின் தளம் இதற்கு நேர்மாறான அமைப்பைக் கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தம் கைபேசியில், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுஎண்ணைப் பெற்று, தாமே நாளும் இடமும் குறிப்பார் என்று அது எதிர்பார்த்தது. 18 முதல் 44 வயதுடையோருக்கு 2021 மே 1 அன்று தடுப்பூசி திறக்கப்பட்டபோது இணைய முன்பதிவு கட்டாயமாக இருந்தது. ஒரே எண்ணில் நால்வர் வரை பதியலாம் என்ற விதி கைபேசியைப் பகிரும் குடும்பங்களை ஓரளவு கருதியது எனினும், தளம் முதலில் ஆங்கிலத்தில்தான் அமைந்திருந்தது. ஜூன் தொடக்கத்தில் பிற இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது தமிழ் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பின்னரே இடம்பெற்றது. நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு 2021 மே 31 நாளிட்ட ஆணையில், எண்ணிம வசதியற்றோர் தடுப்பூசியிலிருந்து விலக்கப்படும் அபாயத்தை விரிவாக எடுத்துரைத்தது. நேரில் வருவோருக்கு அங்கேயே பதிவு செய்யும் முறை அதே காலத்தில் படிப்படியாக வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12 முதல் நடத்தப்பட்ட மாபெரும் முகாம்களில் பணியாளர்களே விவரங்களைத் தளத்தில் ஏற்றினர். தளம் நீடித்தது, ஆனால் அதை இயக்கும் கை மாறியது. கிராமங்களில் தடுப்பூசி பரவியதற்கு இந்த மாற்றம் ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

சேவையைப் பணியாளரே மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்னும் இந்தப் பாடம் வேறு வழியில் முன்பே பெரம்பலூரில் கிடைத்திருந்தது. அனைவருக்கும் நலவாழ்வு என்னும் நோக்கில் தமிழ்நாடு அரசு 2017இல் முன்னோட்டம் நடத்திய மூன்று வட்டாரங்களுள் பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பூரும் ஒன்று. கிருஷ்ணகிரியின் சூளகிரி, புதுக்கோட்டையின் விராலிமலை ஆகியவை மற்ற இரண்டு. துணை சுகாதார நிலையங்களுக்குக் கூடுதல் செவிலியரும் மருந்தும் அளித்து, மக்கள் தொலைவிலுள்ள மருத்துவமனையை நாடுவதைக் குறைக்க அம்முயற்சி முனைந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கி மாநிலம் முழுவதும் விரிந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, மருந்தை வீட்டில் கொடுத்து, விவரத்தைக் கைபேசிச் செயலியில் பதிகின்றனர். நோயாளியிடம் கைபேசி இருக்கிறதா என்ற கேள்வியே இதில் எழுவதில்லை.

நோயாளியே கருவியை இயக்குவது, பணியாளர் இயக்குவது என்ற இந்த வேறுபாடு தொலைமருத்துவத்திலும் உண்டு. 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-சஞ்சீவனி புறநோயாளி சேவையில் தமிழ்நாடு முதல் ஆண்டில் முன்னணியில் இருந்தது. அதில் நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணொளியில் காண்கிறார். மற்றொரு வகையில் சுகாதார நிலையத்துப் பணியாளர் நோயாளியை அருகில் அமர்த்தி மருத்துவரை அழைக்கிறார். சிறப்பு மருத்துவத்துக்குத் திருச்சிக்கோ, திருமானூர்ப் பகுதியினர் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சாவூருக்கோ செல்லும் வழக்கத்துக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஓரளவு மாற்றளிக்கிறது. பெரம்பலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாமையால் அங்கு இரண்டாம் வகைத் தொலைமருத்துவத்தின் தேவை மிகுதி.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வேண்டிய வருமானச் சான்றும் இணையவழியில் பெறப்படுகிறது. விண்ணப்பிக்கத் தெரியாதோர் இ-சேவை மையங்களை நாட, அங்குள்ள பணியாளர் தம்மையறியாமலே மருத்துவத்தின் முதல் வாயிற்காவலராகிறார்.

பகிர்ந்த கைபேசி தனிமறைவையும் பாதிக்கிறது. தளங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் பதிவு செய்த எண்ணுக்கே செல்கின்றன. அந்த எண் கணவருடையதாகவோ மைத்துனருடையதாகவோ இருந்தால், பரிசோதனை, கருத்தடை, காசநோய் மருந்து பற்றிய செய்திகளை அவர்கள் முதலில் படிக்கின்றனர். எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதைக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிமனிதரின் ஒப்புதலை முதன்மை அடிப்படையாகக் கொள்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு கைபேசி என்ற நிலையில் அந்த ஒப்புதலுக்கான ஓ.டி.பி. யார் கைக்கு வருகிறது என்பதை அச்சட்டங்களால் தீர்மானிக்க இயலாது.