உரிமம் கேட்ட காற்றும் உரிமம் கேளாக் காற்றும்

மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் ஓசை கேட்டு நள்ளிரவில் விழித்தெழுவது அம்பத்தூர்வாசிகளுக்குப் புதிதன்று. ஆயினும், அதைத் தடுப்பதற்கென்றே தொட்டியில் நீர்மட்ட உணரி ஒன்றையும், கீழே மோட்டாருக்குத் தானியங்கி சுவிட்ச் ஒன்றையும் பொருத்திய பின்னரும் வழிந்ததென்றால் நாணமே மிஞ்சும். சென்ற கோடையில் மும்முறை அவ்வாறு நேர்ந்தது. காரணம் தேடிப் புறப்பட்ட நாம் இறுதியில் வந்து நின்றது 1933-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வாசலில். அந்த வழியை இங்கே பதிவு செய்கிறோம்.

நம் வீட்டுக் கருவிகள் ஜிக்பீ என்னும் முறையில் கம்பியின்றிப் பேசிக்கொள்பவை. மொட்டை மாடி உணரியின் மெல்லிய குரல் இரண்டு கான்கிரீட் தளங்களைக் கடந்து கூடத்திலுள்ள மையக் கருவியை நேராக எட்டாது. இடையில் மின்னிணைப்பில் இருக்கும் விளக்கோ ஸ்மார்ட் பிளக்கோ அதைக் கேட்டு அடுத்ததற்குச் சொல்லும். பேட்டரியில் இயங்குபவை தம் செய்தியை மட்டுமே சொல்லும். பிறர் செய்தியைச் சுமக்கமாட்டா. இதற்கு மெஷ், அதாவது வலைப்பின்னல் என்று பெயர்.

இவ்வட்டாரத்தில் இதற்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் போய்ச் சேரும்படி அமைந்த தொடர் நம் கண்முன்னே உள்ளது. நடுவில் கால்வாய் தூர்ந்தால் கீழேரி வறளும். மேலேரிக் கரையோரத் தெருக்கள் மூழ்கும். ஏரித் தொடருக்கு வழி ஒன்றே. வலைப்பின்னலோ ஒரு வழி அடைபட்டால் மற்றொன்றைத் தேடிக்கொள்ளும், மற்றொன்று இருந்தால்!

நம் வீட்டில் அது இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் இருந்த பிளக் ஒன்றே மேலும் கீழும் செய்தி சுமந்தது. சுவரில் சுவிட்சைக் கண்டால் அணைத்துவிட்டுப் படுக்கப்போவது நம் தலைமுறைக்கு ஊட்டப்பட்ட சிக்கனம். அதை நாமே அணைத்துவந்தோம். மாடியறையில் இன்னொரு பிளக்கைச் சேர்த்து, இரண்டையும் எப்போதும் மின்சாரத்தில் இருக்கச் செய்தோம். மின்வெட்டு நீங்கியவுடன் கருவிகளை அவசரப்பட்டுப் புதிதாகப் பதிவு செய்யாமல், அவை வழி கண்டுகொள்ளச் சிறிது நேரம் விடவும் பழகினோம். எனினும் மாலை வேளைகளில் மட்டும் செய்திகள் தவறின. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரும் இணையத்தில் அமரும் வேளை அது.

வரலாறு இங்கேதான் குறுக்கிடுகிறது. சென்னையில் 1924-இல் கிருஷ்ணசாமி செட்டி முதலிய ஆர்வலர்கள் வானொலிக் கழகம் ஒன்றைத் தொடங்கி ஒலிபரப்பினர். பொருள் முடையால் 1927-இல் அது நின்றது. அந்தக் கருவியைக் கொண்டு 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938-இல் அனைத்திந்திய வானொலி சென்னைக்கு வந்தது. இதற்கிடையே இயற்றப்பட்டதுதான் 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதே அதன்படி குற்றம். பேசவேண்டாம், கேட்கும் பெட்டி வீட்டில் இருந்தாலே போதும். 1980களின் நடுப்பகுதி வரை அஞ்சலகத்தில் பணம் கட்டி வானொலி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கடல் கடந்து வேறொரு சிந்தனை வளர்ந்துகொண்டிருந்தது. தீவுகளாகச் சிதறிய ஹவாயில், நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் அலோஹா வலையமைப்பை இயக்கினர். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. யாரும் எப்போதும் பேசலாம். இருவர் குரல் மோதினால் இருவரும் வெவ்வேறு கால அளவு பொறுத்து மீண்டும் சொல்ல வேண்டும். காவலரை நிறுத்தாமல் ஒழுக்கத்தை நம்பிய ஏற்பாடு அது. இன்றைய வைஃபையும் ஜிக்பீயும், பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கத்தைக் கூடுதலாகப் பெற்ற அதன் வழித்தோன்றல்கள். அமெரிக்கா 1985-இல் சில அலைவரிசைகளை உரிமமின்றித் திறந்துவிட்டது.

நம்மூரிலும் அறிவுக்குப் பஞ்சமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்துடன் இணைந்து 1990களில் கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. ஒரு நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை எட்டும் அதை, இடையில் அஞ்சல் நிலையம் ஒன்றை வைத்து 25 கிலோமீட்டருக்கு நீட்ட முடிந்தது. மதுரை மேலூர் வட்டாரச் சிற்றூர்களுக்கு 2001-இல் அது இணையத்தைக் கொண்டுசென்றது. ஆனால் அது உலவிய அலைவரிசை உரிமம் பெற்றவர்க்கு உரியது.

2005 ஜனவரியில்தான் மைய அரசு 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வைஃபையைப் பல கிலோமீட்டர் நீட்டி, ஊர்ப்புறக் கண் மையங்களின் நோயாளிகளை மருத்துவரோடு காணொளியில் பேசவைத்தது அக்காலத்தின் அரிய விளைவுகளுள் ஒன்று. நம் தொட்டி உணரி பேசுவதும் அதே காற்றில்தான்.

அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு. பிறர்க்கு இடையூறு செய்யலாகாது; பிறர் இடையூற்றிலிருந்து பாதுகாப்பும் கோரலாகாது; எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். உரிமம் இல்லாத இடத்தில் முறையிட வாசலும் இல்லை. திறந்துவிடப்பட்டது 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வீட்டு வைஃபை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரந்து அமர்ந்தால் ஏறத்தாழப் பாதி போயிற்று.

நம் அடுத்த வீட்டில் அப்படித்தான் அமர்ந்திருந்தது. அவ்வீட்டுப் பெரியவர் ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தயங்கித் தயங்கிச் சொன்னோம். "ஏன் சார், எங்க வீட்டு நெட்டுக்கும் உங்க தண்ணித் தொட்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தவர், விளங்கியதும் எழுந்து சென்று தம் தந்தையின் வானொலி உரிமப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். முத்திரைகள் வரிசையாக இருந்தன. "அப்போ கேக்கறதுக்கே காசு கட்டினோம். இப்ப சும்மா கிடைக்குது, அதான் அருமை தெரியல" என்றார்.

அன்று மாலையே அவர் வைஃபையின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து 6-ஆம் தடத்தில் நிறுத்தினோம். நம்முடையதை 1-இல் வைத்தோம். வைஃபைகள் 1, 6, 11 என்று நின்றால் ஜிக்பீயின் 15, 20, 25 ஆகிய தடங்கள் அவற்றின் இடைவெளிகளில் விழும். நம் ஜிக்பீயை 25-க்கு மாற்றினோம். மையக் கருவியை வைஃபை திசைவியின் தோளிலிருந்து இறக்கிச் சில அடிகள் தள்ளி வைத்தோம். அதன்பின் தொட்டி வழியவில்லை.

மேலேரிக்காரன் மதகை அடைத்தால் கீழேரிக்காரன் வயல் காயும் என்பதறிந்து முறை வைத்து நீர் பாய்ச்சிய சமூகம் நாம். 1933-இன் சட்டம் காற்றைப் பூட்டி வைத்தது. 2005-இன் அறிவிக்கை அதைப் பொதுவில் விட்டது. பொதுவில் விடப்பட்ட ஏரிகளை நாம் என்ன செய்தோம் என்பதற்குச் சாட்சி நம்மூர்க் கரைகளிலேயே உண்டு. காற்றையேனும் முறை வைத்துப் பகிர்வோம்.