தொம்பலூரான தேசிமாணிக்கப்பட்டணம்

பெங்களூரில் தமிழர் குடியேறியது எப்பொழுது என்று வினவினால், நம்மவருள் பெரும்பாலோர் 1809-ஆம் ஆண்டையே சுட்டுவர். அவ்வாண்டில் ஆங்கிலேயர் அல்சூரை அடுத்துத் தண்டு அமைத்தனர். சிப்பாய்களும் கொத்தர்களும் வணிகரும் சென்னை மாகாணத்தினின்று அதன் பின்னே வந்து சேர்ந்தனர். இது மெய்யே. ஆயினும், அத்தண்டு தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நாம் இன்று டொம்லூர் என வழங்கும் இடத்தில் தமிழில் கல்வெட்டுப் பொறித்து வாழ்ந்த ஓர் ஊர் இருந்தது.

அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலே அதற்குச் சான்று. பெயரைக் கேட்டவுடன் மதுரைச் சிவபெருமான் நினைவு வருதல் இயல்பு. இங்கு உறைபவரோ திருமால். சாசனங்கள் அவரைச் சொக்கப்பெருமாள் என்றே குறிக்கின்றன. சொக்கு என்பது அழகு. அவ்வழகு இரு சமயத்தார்க்கும் பொது.

இலைப்பாக்க நாட்டுத் தொம்பலூரான தேசிமாணிக்கப்பட்டணம் என்று அச்சாசனங்கள் ஊரைச் சொல்கின்றன. பட்டணம் என்பது வணிகர் ஊருக்கு வழங்கிய பெயர். தேசி என்னும் சொல்லோ, பல நாடுகளிலும் சென்று வணிகம் செய்த நானாதேசி வணிகக் குழுவினரை நினைவூட்டுவது. ஆகவே இது வெறும் உழவர் சிற்றூர் அன்று எனக் கொள்ளலாம். தும்பைப் பூவால் அமைந்த பெயர் தொம்பலூர் என்பாரும் உளர். செவிக்கு இனிய கதை, அவ்வளவே.

கன்னட நாட்டு அரசராகிய ஹொய்சளர் ஆட்சியில் தமிழ்க் கல்வெட்டு எழுந்தது எவ்வாறு? கி. பி. 1004-இல் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்றியது முதல் இப்பகுதியில் தமிழ் வழங்கலாயிற்று. 1117-ஐ ஒட்டி விஷ்ணுவர்த்தனன் சோழரை அகற்றிய பின்னரும் மக்கள் அகலவில்லை. பின்னர், சோமேசுவரனின் மைந்தர் இருவரும் நாட்டைப் பகிர்ந்துகொண்டபோது, திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து ஆண்ட வீர ராமநாதனுக்கு இப்பகுதியும் உரியதாயிற்று. தொம்பலூர்ச் சாசனங்களுள் அவன் காலத்தவை குறிப்பிடத்தக்கன. 1270-ஐ ஒட்டி அழகியார் என்பவர் கோயிலுக்கு இரு வாயில்நிலைகளை அளித்தார். விண்ணமங்கலத்து ஏரியின் வருவாயைக் கணவனும் மனைவியுமாகப் பெருமாளுக்கு விட்டவரும் உண்டு. அரசர் தம் போர்களினும் இவ்விரு செய்திகளே எனக்குப் பெரியனவாகத் தோன்றுகின்றன. நிலையை நட்டவரும் ஏரியை விட்டவரும் வழிப்போக்கர் ஆகார், அவர்கள் ஊரார்.

இதனால் மண் யாருடையது என்னும் வழக்கைக் கிளப்புவார்க்கு ஒரு சொல். இதே நகரின் தென்பகுதியான பேகூரில் கி. பி. 890-ஐ ஒட்டிய வீரக்கல் ஒன்று நிற்கிறது. பெங்களூர் என்னும் பெயரை முதன்முதலில் கூறும் அக்கல்லின் மொழி கன்னடம். இருமொழிக் கற்களையும் தேடித் திரட்டியவர் ஆங்கிலேயராகிய பெஞ்சமின் லூயி ரைஸ். இம்மாவட்டக் கல்வெட்டுக்களை 1905-இல் ஒரே தொகுதியாகவே அவர் வெளியிட்டார்.

1537-இல் கெம்பே கவுடர் மேற்கே கோட்டையும் பேட்டையும் அமைத்தார். வணிகம் அத்திசை நோக்கித் திரும்பியிருத்தல் வேண்டும். பட்டணம் சிற்றூராயிற்று, பின்னர், பெருகிய நகரம் அச்சிற்றூரையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. தேசிமாணிக்கம் என்ற பெயர் வழக்கொழிந்தது. தொம்பலூர் என்பது டொம்லூராகத் தேய்ந்து இன்றும் வழங்குகிறது.