நிகழ்தகவு மாதிரிச் சரிபார்ப்பு

ஒரு கணினி அமைப்பின் வேகத்தையும் நம்பகத்தன்மையையும் தருக்க வாய்பாடுகளாக எழுதி, அதன் கணித மாதிரியில் அவை பொருந்துகின்றனவா என்று கணக்கிடும் முறை. "கோரிக்கைக்குப் பதில் வந்தே தீரும்" என்பது பழைய வகைக் கூற்று. "5 நொடிக்குள் பதில் வரும் நிகழ்தகவு 0.99-க்குக் குறையாது" என்பது இம்முறையின் கூற்று.

வேர்கள் பழையவை. நிலைமாற்றங்களை நிகழ்தகவால் விவரிக்கும் தம் சங்கிலிகளை மார்க்கோவ் 1906-இல் ஆராயத் தொடங்கினார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் எர்லாங், அழைப்பு நெரிசலை 1909 முதல் நிகழ்தகவால் கணித்தார். தருக்கம் வேறு வழியாக வந்தது. நிரல்களின் போக்கைக் கால தருக்கத்தில் விவரிக்கலாம் என்று அமிர் ப்னூலி 1977-இல் காட்டினார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளார்க்கும் எமர்சனும், பிரான்சில் கேயும் சிஃபாகிசும் தனித்தனியே மாதிரிச் சரிபார்ப்பை உருவாக்கினர். இதற்கான 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்ற மூவரில் கேய் இல்லை.

நிகழ்தகவு, தருக்கம் என்ற இரு ஓடைகளும் எங்கே கலந்தன என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. ஹார்ட், ஷரீர், ப்னூலி ஆகியோரின் 1983ஆம் ஆண்டுப் பணியையோ வார்டியின் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையையோ தொடக்கமாகக் கொள்ளலாம். ஆனால் அவை பெரும்பாலும் நிகழ்தகவு 1 ஆகுமா என்றே கேட்டன. இடைப்பட்ட எண்களுக்கும் காலக்கெடுவுக்கும் இடமளித்தது, சுவீடனின் ஹான்சனும் யோன்சனும் 1994-இல் வெளியிட்ட பிசிடிஎல் தருக்கம்.

அடுத்த பத்தாண்டுகளே இத்துறையின் செழிப்பான காலம். 1996-இல் அஜீஸ், சன்வால், சிங்கால், பிரேட்டன் ஆகியோர் தொடர்ச்சியான காலத்துக்கு உரிய சிஎஸ்எல் தருக்கத்தை முன்வைத்தனர். அதன் வாய்பாடுகளுக்கு விடை காண முடியும் என்பதை π போன்ற விஞ்சிய எண்களின் கோட்பாட்டைக் கொண்டு நிறுவினர். பொறியியல் கேள்விக்கு இத்தனை தூரத்திலிருந்து உதவி வந்தது வியப்பானது. ஆயினும் அந்த வழி நடைமுறைக் கணக்குக்கு உதவவில்லை. 1999 முதல் பையர், காட்டோன், ஹெர்மான்ஸ், பின்னர் ஹாவர்கோர்ட் ஆகியோர் எண்ணியல் முறைகளால் அதைக் கையாளத்தக்கதாக்கினர். நீண்ட கால ஓட்டத்தில் அமைப்பு எவ்வளவு பங்கு நேரம் சேவையில் இருக்கும் என்று கேட்கும் செயற்குறியையும் சேர்த்தனர். பர்மிங்காமில் குவியட்கோவ்ஸ்கா குழுவினர் உருவாக்கிய பிரிசம் கருவி பின்னர் பரவலாகப் பயன்பட்டது.

பிரிசத்தில் ஆராயப்பட்டவற்றுள், சாதனங்களை இணைக்கும் ஃபயர்வயர் நெறிமுறை தனித்துச் சொல்லத்தக்கது. இரு சாதனங்கள் ஒன்றையொன்று தலைமை ஏற்கச் சொல்லி முட்டிக்கொண்டால், ஒவ்வொன்றும் நாணயம் சுண்டிக் குறைந்த நேரமோ கூடிய நேரமோ காத்திருக்கும். இரண்டின் தேர்வும் வேறுபட்டால் சிக்கல் தீரும். சமமான நாணயமே சிறந்தது என்று தோன்றும். ஆனால் குறைந்த காத்திருப்பின் பக்கம் சாய்ந்த நாணயம் சில வேளை விரைவாக முடிவு தரும் என்று ஆய்வாளர் ஸ்டூலிங்கா ஊகித்திருந்தார். பிரிசம் அதை உறுதிசெய்தது. ஒரு சுற்றில் தீரும் வாய்ப்பு குறைந்தாலும், சுற்றுகள் குறுகுவதால் அதே நேரத்தில் அதிக முயற்சிகள் நடக்கின்றன.

2017-இல் ஆகன் பல்கலைக்கழகக் குழுவின் ஸ்டார்ம் என்னும் மற்றொரு சரிபார்ப்புக் கருவி அறிமுகமானது. மாதிரியின் உறுப்புகள் கூடக்கூட நிலைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகுவதே இன்றும் முதன்மைத் தடை. மிகப் பெரிய அமைப்புகளுக்கு முழுக் கணக்கைக் கைவிட்டு, போலச்செய்தல் வழியான புள்ளியியல் மதிப்பீட்டையே நாட வேண்டியுள்ளது.