மேற்கோளில் எண்ணப்படாத வாசகர்: சைலண்ட் வேலி முதல் காட்கில் அறிக்கை வரை

1979இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஆங்கிலத்தில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. பாலக்காடு மாவட்டத்தின் மண்ணார்க்காட்டுக்கு மேலே, குந்திப்புழையின் குறுக்கே சைரந்திரியில் அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை அது வரவு செலவு பார்த்து எடைபோட்டது. எழுதியவர்கள் ஐவர். தாவரவியலாளர் எம். கே. பிரசாத், அணுப்பொறியாளர் எம். பி. பரமேஸ்வரன், பொருளியலாளர் கே. பி. கண்ணன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். அதே ஆண்டுகளில் பிரசாத் பரிஷத்தின் மலையாள இதழான சாஸ்திரகதியிலும் இதே பொருளைப் பற்றி எழுதினார்.

இவ்வெழுத்துகளை அன்றைய மேற்கோள் அளவைகளைக் கொண்டு மதிப்பிட்டால் மிகக் குறைவான மதிப்பே கிடைத்திருக்கும். யூஜின் கார்ஃபீல்டு 1964இல் பிலடெல்பியாவில் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களின் கட்டுரைகளில் யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்பதை மட்டுமே எண்ணியது. பரிஷத் வெளியீட்டைப் படித்த பள்ளி ஆசிரியரோ, மின்வாரியப் பொறியாளரோ, சட்டமன்ற உறுப்பினரோ அத்தகைய இதழ்களில் எழுதுபவர் அல்லர்.

மறுபுறம், முறையான ஆய்வும் இருந்தது. சோலைமந்தியைப் பற்றி ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கோவ்ஸ்கியும் எழுதிய முக்கியமான கட்டுரை 1977இல் நியூயார்க்கில் வெளியான தொகுப்பு நூல் ஒன்றில் வந்தது. அது தமிழகத்தின் அசம்பு மலைகளில் நடந்த களஆய்வு. அந்நூல் எத்தனை கேரளக் கல்லூரி நூலகங்களின் அலமாரியை எட்டியிருக்கும்? சோலைமந்தியின் கதை மலையாள வாசகரிடம் பரவியது பெரும்பாலும் இதழ்க் கட்டுரைகள் வழியாகவும் மேடைப் பேச்சுகள் வழியாகவும்தான். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இம்முடிவுக்குக் காரணங்கள் பல. பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பமும், எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆய்வும் அவற்றில் அடங்கும். ஆயினும் அணை வேண்டுமா என்ற கேள்வி கேரளத்தில் பொதுக்கேள்வியாக மாறியதில், விலை குறைந்த, எளிதில் கைக்குக் கிடைத்த அந்த எழுத்துகளின் பங்கு பெரிது.

'திறந்த அணுக்கம்' என்ற சொல் அப்போது பிறக்கவில்லை. 2002இல் புடாபெஸ்ட் அறிக்கையே அதை உலகறியச் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்டீவ் லாரன்ஸ் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். கணினி அறிவியலின் 1,19,924 மாநாட்டுக் கட்டுரைகளை அவர் எடுத்துக்கொண்டார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவை சராசரியாக 7.03 முறையும், கிடைக்காதவை 2.74 முறையும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அடுத்த பத்தாண்டுகளின் விவாதம் முழுவதும் இந்த இரண்டு எண்களைச் சுற்றியே நடந்தது என்றால் மிகையாகாது.

ஆனால் நல்ல கட்டுரையைத்தான் ஆசிரியர் இணையத்தில் இடுகிறார் எனில், மேற்கோள் கூடியது திறப்பினாலா, தரத்தினாலா? பிலிப் டேவிஸும் குழுவினரும் இதைச் சோதிக்க வழி கண்டனர். அமெரிக்க உடலியங்கியல் கழகத்தின் 11 இதழ்களில் வந்த 1,619 கட்டுரைகளுள் 247ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்து உடனே திறந்துவிட்டனர். 2008இல் முடிவு வெளியானது. திறந்த கட்டுரைகளின் முழுப்பாடம் 89 விழுக்காடு கூடுதலாகத் தரவிறக்கப்பட்டது. வாசகர் எண்ணிக்கை 23 விழுக்காடு உயர்ந்தது. முதலாண்டு மேற்கோள்கள் மட்டும் கூடவில்லை. திறந்த அணுக்கத்தை ஐயுற்றவர்கள் கடைசி வரியை எடுத்துக்கொண்டார்கள். முதலிரு வரிகளின் பொருள் அதைவிட ஆழமானது. வாசகர்கள் வந்தார்கள், அவர்கள் ஆய்விதழில் எழுதுபவர்களாக இல்லை, அவ்வளவே. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் எவன்ஸும் ஜேக்கப் ரைமரும் சயன்ஸ் இதழில் காட்டியது இன்னொரு கோணம்: இலவச அணுக்கத்தால் மேற்கோளில் ஏற்படும் உயர்வு, வளரும் நாடுகளின் ஆய்வாளர்களிடையே இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2002இலேயே தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்குத் திறந்த களஞ்சியம் அமைத்தது. அந்நிறுவனத்தில் சூழலியல் ஆய்வு மையத்தை உருவாக்கியவர் மாதவ் காட்கில். மேனன் குழுவிலும் அவர் உறுப்பினர். 2010 மார்ச்சில் அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழுவுக்கு அவரே தலைவரானார். குழு 2011 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கையைச் சமர்ப்பித்தது. அமைச்சகம் அதை வெளியிடவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேரளத்திலிருந்து ஒருவர் அதைக் கேட்டார். அறிக்கை இன்னும் இறுதியாகவில்லை, நாட்டின் பொருளாதார, அறிவியல் நலன்கள் பாதிக்கப்படும் என்று அமைச்சகம் மறுத்தது. 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் வெளியிட ஆணையிட்டது. அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மே 17 அன்று அம்மனு தள்ளுபடியானது. மே 23 அன்று அறிக்கை இணையதளத்தில் ஏறியது. ஏறத்தாழ ஒன்பது மாதப் பூட்டு. பொதுப்பணத்தில், பொதுமக்களின் நிலத்தைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைக்கு!

திறந்தபின் ஆய்வாளர்கள் அதைத் தடையின்றி எடுத்தாண்டனர்; சூழலியல், சட்டம், அரசியல் எனப் பல துறைக் கட்டுரைகளில் அது இன்றும் சுட்டப்படுகிறது. மேற்கோள் கணக்கில் இது வெற்றிக் கதை. இடுக்கியில் கதை வேறு. உணவுப் பஞ்சக் காலத்தில் அரசே ஊக்குவித்துக் குடியேற்றிய உழவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பட்டாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். ஏலத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர்கள். இவர்கள் யாவருடைய நிலத்தையும் தொழிலையும் தொடும் அறிக்கை ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில், ஒரு கோப்பாக இருந்தது. ஊராட்சிகளிடமும் கிராம சபைகளிடமும் கருத்துக் கேட்டே எல்லைகளை உறுதிசெய்ய வேண்டும் என்பது அவ்வறிக்கையின் அடிப்படைப் பரிந்துரை. அந்தக் கிராம சபைகளில் எத்தனை பேர் அதைப் படித்திருக்க முடியும்? 2013 நவம்பரில், அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு அறிக்கையை ஒட்டி ஆணை பிறந்தபோது, மலைநாட்டில் கடையடைப்புகள் நடந்தன. வதந்தி ஒரு பங்கு. நியாயமான அச்சம் ஒரு பங்கு. இரண்டையும் பிரித்தறியத் தேவையான ஆவணம் மக்களின் மொழியில் அவர்கள் கையை உரிய காலத்தில் எட்டவில்லை.

2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறையில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். பல கல்லூரிகளுக்கு இது பெரும் பேறு. ஆய்வு மாணவர்களின் கட்டுரைகளில் மேற்கோள்கள் செழிக்கும். ஆனால் சந்தா நிறுவனத்துக்கு உரியது. மண்ணார்க்காட்டுப் பள்ளி ஆசிரியருக்கும், தேவிகுளத்து ஊராட்சி உறுப்பினருக்கும், மூணாறு தோட்டத் தொழிற்சங்கச் செயலாளருக்கும் அதில் நுழைவு இல்லை.