இல்லாத மூலகமும் அணுக்கணக்கும்

1869ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் நாள் அமெரிக்காவிலே பூரண சூரியகிரகணம் நிகழ்ந்தது. மறைந்த சூரியனைச் சூழ்ந்து தோன்றும் ஒளிமுடியை நிறமாலைகாட்டி கொண்டு நோக்கிய யங், ஹாக்னெஸ் என்னும் இருவரும் தனித்தனியே ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். அஃது இரும்பின் கோடொன்றுடன் பொருந்துவதாகவே முதலிற் கருதப்பட்டது. 1898இல் திருத்தமாக அளந்தபோது அப்பொருத்தம் பொய்த்தது. அறிந்த எம்மூலகத்துக்கும் அக்கோடு உரியதன்று என்றாயிற்று. ஆகவே 'கொரோனியம்' என்னும் புது மூலகம் ஒன்று சூரியனில் உண்டென்றனர். 1868இல் சூரியனிற் காணப்பட்ட ஈலியம் 1895இல் உலகிலும் அகப்பட்டமையால் அந்நம்பிக்கை வலுத்தது. ஆயினும் ஆவர்த்தன அட்டவணை நிரம்ப நிரம்பக் கொரோனியத்துக்கு இடமில்லாது போயிற்று.

விடை சுவீடனிலிருந்து வந்தது. எட்லென் என்பார் வெற்றிடத்தில் மின்பொறி எழுப்பி, பல இலத்திரன்களை இழந்த அணுக்களின் ஊதாக்கடந்த கோடுகளை அளந்து, அவற்றின் சக்தி மட்டங்களைக் கணித்தார். அவர் தரவுகளைக் கொண்டு, ஒளிமுடியின் சிவப்புக் கோடு 9 இலத்திரன் இழந்த இரும்பினது என 1939இல் குரொற்றியன் சுட்டினார். 1940களின் தொடக்கத்தில் எட்லென் பச்சைக் கோட்டையும் தீர்த்தார். அது 13 இலத்திரன் இழந்த இரும்பு. எஞ்சியவை 13, அலுமினியத்துக்கு உள்ள தொகையே. தள்ளப்பட்ட இரும்பே மீண்டும் வந்தது! அத்தனை இலத்திரன்களைப் பறிக்கப் பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஏறத்தாழ 6,000 பாகையே.

ஒவ்வோர் இலத்திரனும் ஏனையவற்றின் புலத்தில் இயங்குகின்றது. அப்புலமோ அவற்றின் பரம்பலையே பொறுத்தது. ஆதலின் முதலில் ஒன்றை ஊகித்து, மாற்றம் அடங்கும்வரை கணித்துத் திருத்தும் முறையை 1928இல் கேம்பிறிட்ஜில் ஹாட்றி வகுத்தார். அவர் தந்தையார் வில்லியமும் பின்னர் அக்கணிப்புக்களில் துணைபுரிந்தார்.

எனினும் ஒரு முரண் நின்றது. கோடுகளின் அகலம் ஏறத்தாழ இருபது இலட்சம் பாகையைக் காட்ட, இலத்திரன் இழப்பும் மீள்சேர்க்கையும் சமனாகும் நிலையைக் கணித்தோர்க்கு மிகக் குறைந்த வெப்பநிலையே கிடைத்தது.   1964இல் பேர்ஜெஸ் விடுபட்டதை எடுத்துக்காட்டினார். மோதவரும் இலத்திரன் உள்ளிருக்கும் ஒன்றை உயர்மட்டத்துக்குத் தூண்டித் தானும் வெளிவட்டத்திற் சிக்கிக்கொள்ளும். தூண்டப்பட்டது ஒளியை உமிழ்ந்து இறங்கின், சிக்கியது தப்புவதில்லை. இவ்வழி மீள்சேர்க்கை பன்மடங்கு விரைவதால், அதே நிலையைத் தாங்க வெப்பநிலை உயரவேண்டும். இவ்விரு அளவீடுகளும் நெருங்கின. மறுவருடமே இவ்விரைவை எளிதிற் கணிக்கும் பொதுச் சூத்திரம் ஒன்றையும் அவர் வெளியிட்டார்.