கண்ணாடிச் சுவர்ப் பாடல்கள்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், சீகிரியாக் குன்றின் மேற்குப் பக்கத்தில் ஒரு நீண்ட சுவர் இருக்கிறது. குன்றின் மேல் தீட்டிய பெண்ணுருவங்களைப் பார்க்க வந்தவர்கள் தங்கள் மனத்தில் பட்டதை அந்தச் சுவரில் கீறிவைத்தார்கள். அந்தச் சிறு பாடல்களே கண்ணாடிச் சுவர்ப் பாடல்கள். சிங்களத்தில் இவற்றைச் சீகிரி கீ என்பார்கள். பெரும்பாலானவை கி.பி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை எழுதியவை. எழுதியவர்களில் தொழில்முறைப் புலவர்கள் குறைவு. பிக்குகள், அரச அதிகாரிகள், படைவீரர்கள், கொல்லர்கள், பெண்கள் என்று பலவகைப்பட்டவர்கள் இருந்தார்கள். ஓவியத்தைப் பார்த்த பொதுமக்கள் அதன் எதிரிலேயே நின்று, பேரும் ஊரும் போட்டுக் கருத்தை எழுதிவைத்தது உலகக் கலை வரலாற்றில் அபூர்வம்.

குன்றின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய முதலாம் காசியப்பன் (477–495), தலைநகரை அநுராதபுரத்திலிருந்து இங்கே மாற்றினான் என்கிறது சூளவம்சம் என்ற வரலாற்றேடு. சுற்றிலும் உள்ள சமவெளியிலிருந்து சுமார் 200 மீட்டர் எழுந்து நிற்கும் பாறையின் உச்சியில் மாளிகை, அடிவாரத்தில் நீர்த்தோட்டங்கள், நடுவில் சிங்க வாயில், பாறையின் முகத்தில் ஓவியங்கள் என்று அவன் காலத்தில் எழுந்தன. இந்தியாவிலிருந்து படையோடு திரும்பிய தம்பி மொகல்லானனிடம் காசியப்பன் 495இல் தோற்று இறந்தான். குன்று பிக்குகள் கைக்குப் போனது. அரசன் இல்லாத அரண்மனையையும் அவன் விட்டுப்போன ஓவியங்களையும் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பாறையை ஒட்டி மேலே ஏறும் நடைபாதையின் வெளிப்புறக் காப்பாகச் செங்கல்லால் கட்டியது இந்தச் சுவர். அதன் உட்பக்கத்தில் சுண்ணச்சாந்து பூசி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியிருந்தார்கள். நடந்துவந்தவர் ஒரு கையை நீட்டினால் பாறை, மறுகையை நீட்டினால் வழவழப்பான சுவர், அண்ணாந்தால் ஓவியம். எழுத்தாணியைக் கையில் வைத்திருப்பவருக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

மேலே அவர்கள் பார்த்தது எது? இடைக்குக் கீழே மேகம் மறைக்க, கையில் மலரேந்தி நிற்கும் பெண்கள். பொன்னிறப் பெண் ஒருத்தி, பக்கத்தில் கருநிறத் தோழி ஒருத்தி என்று சில இடங்களில் இணையாக நிற்கிறார்கள். எட்டாத ஒரு பாறைக்குடைவில் இருந்ததால் இருபதை ஒட்டிய உருவங்கள் மட்டும் தப்பின. அவற்றுள் ஒன்றில், ஓவியன் முதலில் போட்டுப் பிறகு மாற்றிய கையின் கோடு இன்னும் மறையாமல் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குக் கை ஒன்று கூடுதல். தன் வேலையைத் தானே குறை கண்டு திருத்திய ஒரு கைவினைஞனின் தடம் அது. அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

சுவரில் எழுதியவர்களோ பெயரை மறக்கவில்லை. இன்னார், இன்ன ஊர், இன்ன பதவி என்ற குறிப்பு பாடலோடு சேர்ந்தே வரும். பாடல் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு அடி. பாராட்டுத்தான் அதிகம்: கண்ணின் நீளம், கையிலுள்ள பூ, மார்பில் புரளும் முத்துவடம். ஆனால் வெறும் புகழ்ச்சியோடு நின்றுவிடவில்லை. இத்தனை தூரம் வந்து கூப்பிட்டும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று பலர் மனத்தாங்கல் கொள்கிறார்கள். கல்லில் பிறந்தவளுக்கு நெஞ்சும் கல்தான் என்று ஒருவர் முடிவு கட்டினால், அரசன் இறந்த துக்கத்தில் பேச்சிழந்து நிற்கிறாள் என்று இன்னொருவர் காரணம் சொல்கிறார். ஒரே மௌனத்துக்கு இரண்டு விளக்கம். இங்கே ரசனை மட்டுமன்றி விமர்சனமும் தொடங்கிவிடுகிறது என்றே சொல்லவேண்டும்.

பெண்கள் எழுதியவை தனிச் சுவை. ஆண்கள் உருகி நிற்கும் அதே ஓவியத்தைப் பார்த்த ஒரு பெண்ணுக்கு எரிச்சல்தான் வருகிறது. மான்விழிக்காரி கையில் முத்துவடத்தை எடுத்துக்கொண்டு நம்மோடு போட்டிக்கு நிற்கிறாளே என்று அவர் கோபப்படுகிறார். தீட்டியது ஆண்; தீட்டப்பட்டது பெண்; அதைப் பார்த்து மறுத்துப் பேசவும் ஒரு பெண் இருந்தார், எழுதத் தெரிந்தவராகவும் இருந்தார். இந்த ஒரு சான்றுக்காகவே சுவரைக் காப்பாற்றலாம்.

நுட்பமான பார்வைக்கு ஓர் எடுத்துக்காட்டு: பொன்னிறத்தவளும் நீலநிறத்தவளும் நெருங்கி நிற்பதைக் கண்ட ஒருவர், நீலச் சங்குப்பூவோடு பின்னிக்கிடக்கும் பீர்க்கம்பூவை நினைக்கிறார். பீர்க்கு மாலையில் பூப்பது. அந்தி வந்தால் அவள் நினைவும் வரும் என்கிறார். வேலியோரத்தில் தினமும் காணும் இரண்டு கொடிகளைக் கொண்டு, ஓவியன் இரண்டு நிறங்களை ஏன் அடுத்தடுத்து வைத்தான் என்பதைப் பிடித்துவிடுகிறார். இத்தனைக்கும் ஓவியத்தில் நீல வண்ணம் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சையே முதன்மையானவை என்று தொல்லியலாளர் பெல் பின்னாளில் குறித்தார். கருநிறத்தை நீலமாகக் கண்டது பார்த்தவரின் கண்.

புதல் என்பவர் எழுதியது இன்னொரு வகை. நூற்றுக்கணக்கானவரோடு சீகிரியா பார்க்க வந்ததாகவும், மற்றவர்கள் எல்லாரும் பாட்டு எழுதியதால் தான் எழுதவில்லை என்றும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சுவரில் எழுதுவது அப்போதே ஒரு வழக்கமாகியிருந்தது, ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்தார் என்பதற்கு இவரே சாட்சி.

படத்தைப் பார்த்தவர் கருத்துச் சொல்வது இன்றும் உண்டு. பொழுதுபோக்காகச் சாகசக் கணினி விளையாட்டு உருவாக்குகிறவர்கள், தாங்கள் வரைந்த காட்சியைச் சக ஆர்வலர்களிடம் காட்டிக் குறை கேட்பார்கள். நிழல் தவறு, கதவு சிறிது என்று சொன்னால், சில சமயம் சொன்னவரே அதன் மேல் திருத்தி வரைந்தும் காட்டுவார். அங்கே கருத்து படத்தை மாற்றுகிறது. சீகிரியாவில் அதற்கு வழியே இல்லை. ஓவியன் இறந்து சில நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. தங்கள் சொல்லால் ஒரு கோடும் மாறாது என்று தெரிந்தே எழுதினார்கள். ஆனாலும் அந்தச் சொல் வீண்போகவில்லை. மேலே 500 பெண்கள் இருந்ததாகச் சுவர் சொல்கிறது. எண்ணிக்கை கவிவழக்காக இருக்கலாம். ஆனால் இன்று எஞ்சியிருப்பதைவிட மிகப் பெரிய ஓவியப்பரப்பை அவர்கள் கண்டார்கள் என்பதில் ஐயமில்லை. பாறையின் மேற்கு முகம் முழுவதுமே ஒரு மாபெரும் சித்திரக்கூடமாக இருந்திருக்கும் என்று 1907இல் தொல்லியலாளர் ஜோன் ஸ்டில் கருதியதற்கு இந்தப் பாடல்கள் துணை நிற்கின்றன. ஓவியம் அழிந்த இடத்தில் பார்வையாளரின் பேச்சே ஆவணமாகிவிட்டது.

மொழி வரலாற்றுக்கும் இச்சுவர் பெரிய புதையல். சிங்களத்தில் இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான சியபஸ்லகர என்னும் அணியிலக்கண நூல், தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவியது. தமிழில் தண்டியலங்காரமும் அதே வடமொழி நூலின் வழியில் வந்ததுதான். ஒரே ஆசிரியரின் அணிக்கோட்பாடு இரண்டு மொழிகளிலும் வேர்விட்டதைப் பார்க்கும்போது, அக்காலத்தில் எழுத்தறிந்தவரிடையே உவமையும் சிலேடையும் எவ்வளவு பரவலாக இருந்தன என்று விளங்குகிறது. சீகிரியாவில் கவி கட்டியவர்களுள் பலர் இந்த அணிகளைக் கேட்டுப் பழகியவர்களாக இருக்கலாம். இலக்கண ஆசிரியர்கள் எழுதிவைத்த மொழிக்குப் பக்கத்தில், சந்தையிலும் பாசறையிலும் வழங்கிய மொழி எப்படி இருந்தது என்பதைச் சுவர்தான் காட்டுகிறது.

குன்று காட்டுக்குள் மறைந்து, 1831இல் ஜொனதன் போர்ப்ஸ் என்ற பிரித்தானியப் படை அதிகாரி வந்த பின் மீண்டும் பேச்சில் அடிபட்டது. பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த அலிக் மரே 1889இல் ஓவியக்குடைவுக்குள் ஏறி ஓவியங்களைப் பார்த்துப் பிரதிகள் வரைந்தார். எச். சி. பி. பெல் 1894இல் முறையான அகழ்வைத் தொடங்கினார். அவர் காலத்தில் முகாந்திரம் டி. ஏ. எல். பெரேரா ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்தார்.

பாடல்களைப் படித்துத் தந்த பெருமை தொல்லியலாளர் செனரத் பரணவிதானவுக்கு உரியது. கீறல்கள் மயிரிழை அளவு மெல்லியவை. ஒன்றின் மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பவை. நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாமல், ஒளி சாய்ந்து விழும்போது மட்டும் தெரிபவை. அவற்றுள் 685 பாடல்களை மூலமும் மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்புமாக 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் பதிப்பித்தது. பிறகு பெனில் பிரியங்க போன்ற ஆய்வாளர்கள் மேலும் பல பாடல்களைப் படித்தார்கள். குழந்தைப் பருவத்தை இலங்கையில் கழித்த ஐரிஷ் கவிஞர் ரிச்சர்ட் மர்பி, இவற்றை அடியொற்றி 1989இல் ஆங்கிலத்தில் ஒரு கவிதைத் தொகுதியே செய்தார்.

அந்தப் பெண்கள் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பக்கத்துப் பிதுரங்கலை விகாரைக்கு வழிபடப் போகும் அரண்மனைப் பெண்கள் என்றார் பெல். மேகம் இடையை மறைப்பதைச் சுட்டி, வானுலக அரம்பையர் என்றார் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி. குபேரனின் அளகாபுரியைப் போல் காசியப்பன் அமைத்த நகரத்தில் இவர்கள் மின்னலும் மேகமும் பெண்ணுருக் கொண்டவர்கள் என்றார் பரணவிதான. தொல்பொருள் ஆணையாளராக இருந்த ராஜா டி சில்வா இவர்களைப் பௌத்தத் தெய்வமான தாரா தேவியாகக் கண்டார். 9ஆம் நூற்றாண்டுப் பார்வையாளரும் ஒத்த கருத்துக்கு வரவில்லை என்பதை நினைத்தால், அறிஞர்களின் இந்த வேறுபாடு சுவரில் தொடங்கிய பேச்சின் தொடர்ச்சிதான்.

1967 ஒக்டோபரில் சிலர் இரவில் ஏறி ஓவியங்கள் மேல் பச்சைச் சாயத்தை வீசி நாசம் செய்தார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மறான்சியின் உதவியோடு பெரும்பகுதி மீட்கப்பட்டது. 1982இல் சீகிரியா உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இன்று சுவரில் ஒரு கீறல் போடுவதும் குற்றம். 2015இல் கிழக்கு மாகாணத்திலிருந்து சுற்றுலா வந்த இளம்பெண் ஒருவர் தன் பெயரைக் கீறியதற்காக 2 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஜனாதிபதி மன்னிப்பு வழங்கிய பின்னரே வெளியே வந்தார். பழைய எழுத்தின் மேல் புதிய கீறல் விழக்கூடாது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை, சட்டம் வேண்டியதுதான். ஆனால் சுற்றுலா வரும் மாணவர்களை எச்சரிக்கையோடு மட்டும் அந்த நடைபாதையில் அழைத்துப்போவது போதாது. பீர்க்கம்பூப் பாட்டையும் கோபக்காரப் பெண்ணின் பாட்டையும் நல்ல தமிழில் தந்து, அவை இருக்கும் இடத்தைக் கைகாட்டிச் சொல்ல ஆள் வேண்டும்.