நூல்

பெயர்ச்சொல். 1. பஞ்சில் திரித்த இழை. 2. புத்தகம். 3. தச்சர் மரத்தில் நேர்க்கோடு போடும் கயிறு. இந்த நூல் மரக்கோணலைத் தீர்ப்பதுபோல ஏட்டு நூல் மனக்கோணலைத் தீர்க்கும் என்கிறது நன்னூல். 4. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. இதே அளவுக்கு இந்தியில் 'சூத்', அதுவும் இழைதான்.

சென்னை ஜி.பி. ரோடு வாகன உதிரிபாகக் கடைகளில் 'நாலு நூல் போல்ட்' என்றால் அரை இன்ச். எஞ்சினைப் பிரித்தபின் நூல் கணக்கு எடுபடாது. அங்கே இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்றான 'தௌ'தான் பேச்சு. சென்னைத் தயாரிப்பான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் 948 சி.சி. எஞ்சினில் சிலிண்டர் உள்விட்டமான 'போர்' 63 மி.மீ. போரின் ஒவ்வொரு இன்ச்சுக்கும் 4 தௌ என்ற பழைய கணக்கில் பிஸ்டன் ரிங்கின் முனைகளுக்கு இடையே விடும் இடைவெளி சுமார் 10 தௌ. ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பார்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டி உடையும். கூடினால் கம்ப்ரஷன் கசியும். ஒரு நூலுக்குள் இப்படிப் பன்னிரண்டரை இடைவெளி அடங்கும்.